தொலைந்த தாம்பாளத்தில் வத்தகப்பழம்

ஸ்காபரோ,
12.02.2024

அன்பு மச்சாள் துர்க்காவுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் என்னோடு கோபம். உமக்கும் என் தம்பி கிருபனுக்கும் ஓக்லஹோமாக் காற்று ஒத்துக்கொள்கிறதா?

உம்முடைய கடிதம் வந்தது. முத்திரை ஒட்டிய கடிதம்! கோர்ட்டால் ஏதோ வந்துவிட்டது என்று பயந்து ஒருநாள் முழுக்கத் திறக்காமல் வைத்திருந்தேன். போனில் நாங்கள் கதைத்தால் கிருபன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் இருந்து தீர்ப்புச் சொல்கிறான், அதனால் இனிக் கடிதம்தான் என்று எழுதியிருந்தீர். நல்ல முடிவு. நானும் இதை மஞ்சள் பஸ்ஸுக்குள் இருந்து, ஸ்டியரிங்கை மேசையாக்கி எழுதுகிறேன். காலையில் ரூஜ் பகுதியில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளியில் இறக்கினால், பின்னேரம் மணி அடிக்கும்வரை எனக்கு ஊர்வம்புதான் உத்தியோகம்.

நீர் எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பாரும். நீங்கள் இருக்கிற தாலக்குவா செரோக்கி மக்களின் தலைநகரம். நூற்றெண்பது வருடத்துக்கு முந்தி அவர்களை ஜோர்ஜியாப் பக்கத்து மலைகளிலிருந்து துவக்கு முனையில் கிளப்பி, ஆயிரம் மைல் நடத்தி அங்கே கொண்டுவந்து விட்டார்கள். வழிநெடுகச் சனம் செத்தது. நீர் சனிக்கிழமைகளில் போய் உதவி செய்கிற ஆவண அறையில் செப்டெம்பரில் அதைப்பற்றி ஒரு கண்காட்சி. வேறு இடங்களில் துரத்தப்பட்டு வந்தவர்களும் கையோடு கொண்டுவந்த ஒரு பொருளை இரவல் கொடுக்கலாம். அதற்கு எங்கள் அம்மாவின் பித்தளைத் தாம்பாளம் வேண்டும்.

கிருபன் கதையை ஒழுங்காகச் சொல்லித்தான் இருப்பான். தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முப்பதாம் திகதி ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுக்க எழும்பி வெளிக்கிட்டபோது, அம்மா தாம்பாளத்தில் அரிசியையும் அந்தோனியாரையும் வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு, மழையில் நாவற்குழிப் பாலம் கடந்த கதை. ஸ்காபரோவில் எந்தப் பிறந்தநாளுக்குப் போனாலும் நானும் அதைச் சொல்வேன். வருடாவருடம் மழை கூடிக்கொண்டு வருகிறது.

கொடுக்கச் சந்தோசம்தான். ஆனால் பாருமன், பாலேஸ்வரி அன்ரி பேத்தியின் சாமத்தியவீட்டுக்கென்று அதை ஒஷாவாவுக்குக் கொண்டுபோய்விட்டா. ஒஷாவாவுக்குப் போன பாத்திரம் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்லமுடியாது.

அந்தோனியார் உங்களைக் காக்க (நீர் சைவமென்றாலும் அவர் பார்ப்பதில்லை),
எமில்டா மச்சாள்


தாலக்குவா,
09.03.2024

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் நல்ல சுகம். உங்கள் முழங்காலுக்கு நான் அனுப்பிய மருந்தைப் பூசுங்கள். மருந்துக்கடைக்காரி சொல்வதைக் குடும்பத்தில் ஒருவராவது கேட்கட்டும்.

இங்கே நான் என்ன செய்கிறேன் என்று சொன்னால் தாம்பாளம் ஏன் வேண்டும் என்று விளங்கும். செரோக்கி மக்கள் வந்து சேர்ந்து மூன்று நாலு வருடத்தில், விட்டுவந்ததை எல்லாம் எழுதிக்கொடுத்து நட்டஈடு கேட்டார்கள். அந்தத் தாள்களின் பிரதிகளைப் படித்துக் கணினியில் ஏற்றுவதுதான் என் வேலை. பெரிய சோக வசனங்கள் ஒன்றும் இல்லை, மச்சாள். ஒரு விதவையின் தாள் இப்படி: இரும்புச் சட்டி இரண்டு, ஒன்றுக்குக் கைபிடி இல்லை. வாத்து பதினேழு. பிடில் ஒன்று. தறியில் பாதி நெய்தபடி துணி. காய்க்கத் தொடங்கிய பீச் மரம் ஒன்பது. அவ்வளவுதான். வாசித்த அன்று வீட்டுக்கு வந்து, என் சட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

நான் சின்ன வயதிலேயே கொழும்புக்கு வந்து அங்கே வளர்ந்தவள். விட்டுவந்த வீடு என்று எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நீங்கள் எழுதித் தாருங்கள். தொண்ணூற்றைந்தில் விட்டுவந்தவை என்னென்ன? தாம்பாளத்துக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலை வைப்போம். ஓகஸ்ட் முடிவுக்குள் இரண்டும் எனக்குக் கிடைக்கவேண்டும்.

கிருபன் உங்களைச் சுகம் கேட்கிறார். கடிதத்தை வாசிக்கக் கேட்டார். கொடுக்கவில்லை.

அன்புடன்,
துர்க்கா


ஸ்காபரோ,
22.04.2024

அன்பு மச்சாள்,

மருந்து பூசினேன். முழங்கால் இறங்கிவிட்டது, மணம் இறங்கவில்லை. பஸ்ஸில் ஏறுகிற ஜதுர்சன் என்ற வாண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, “அன்ரி, you smell like my grandpa” என்கிறான். நீங்கள் இருவரும் சுகம்தானே?

இதோ எங்கள் பட்டியல். கொட்டடி, அமிர்தநாதர் குடும்பம்.

கிணறு ஒன்று, துலாவுடன். முருங்கை இரண்டு, அதில் ஒன்று தன்னுடையது என்று அயல்வீட்டுக்காரர் சொன்னது, வழக்கு இன்னும் தீரவில்லை. அடுப்பில் அரைவாசி அவிந்த பயறு. அப்பா தபால்கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றபோது திருப்பிக் கொடுக்க மறந்த தராசு. பிஸ்கற் பெட்டி ஒன்று, உள்ளே கிருபனுக்கு ஒருத்தி எழுதிய கடிதங்கள். பெயர் கேட்கவேண்டாம். பிரான்ஸில் இருக்கிறாள், நல்லாய் மெலிந்துவிட்டாள். கிளாசுக்குள் தண்ணீரில் அம்மாவின் பல்செட்.

ஓம், பல்செட். பாலத்தில் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கம்பீரமாக நடந்தா என்று எல்லாரும் சொல்வார்களே, வாயில் பல் இல்லை. அதுதான் கம்பீரம்.

இவ்வளவும் எங்களுடையவை. சத்தியம்.

தாம்பாளம் ஒஷாவாவால் வந்துவிட்டது. ஆனால் பார்சல் அனுப்பிற பெடியன், “அன்ரி, இது பழைய சாமான். போர்டரில மறிச்சு ஆயிரம் கேள்வி கேப்பாங்கள்” என்று பயமுறுத்துகிறான். பார்ப்போம்.

அன்பு முத்தங்களுடன்,
எமில்டா


தாலக்குவா,
11.05.2024

அன்புள்ள மச்சாள்,

சுகம். இங்கே சுழல்காற்றுக் காலம். வாரம் இரண்டு தரம் குளியலறைக்குள் போய் ஒளிக்கிறோம். பிரான்ஸ் விசயத்தைக் கிருபனிடம் கேட்டேன். அன்றைக்கும் குளியலறைக்குள் போய் ஒளித்தார், காற்று இல்லாமலே.

உங்கள் பட்டியலை இங்கிலீஷில் ஆக்கி வெர்னாவுக்குக் காட்டினேன். வெர்னாதான் அறைக்குப் பொறுப்பு. தகப்பன் செரோக்கி, தாய் சொக்டா. சொக்டா மக்களை ஏழு வருடம் முந்தியே மிசிசிப்பியிலிருந்து கிளப்பிவிட்டார்கள், “எங்கட ஆக்கள் எல்லாத்திலயும் முந்தி” என்று தகப்பனுக்குச் சொல்லிக் காட்டுவாளாம் தாய். பல்செட் இடத்தில் வெர்னா சிரித்துக் கண் துடைத்தாள்.

பிறகு எனக்கொன்று காட்டினாள். எனக்குத் தெரியாது, மச்சாள். ஜோர்ஜியாவில் செரோக்கிக் காணிகளை லொத்தரில் விட்டிருக்கிறார்கள். சனம் இன்னும் வீட்டுக்குள் இருக்கும்போதே! சீட்டு விழுந்தவன் குடும்பத்தோடு வந்து வாசலில் நின்று, எப்போது போவீர்கள் என்று கேட்பானாம். பட்டாளம் சனத்தை ஏற்றிக்கொண்டு போன பின்னேரமே அயலில் இருந்தவர்கள் வந்து சட்டி பானை, மாடு, கதவு என்று எடுத்துப்போனார்களாம். அந்த வாத்து பதினேழையும் யாரோ சமைத்துத்தானே இருப்பார்கள்?

ஒரு சின்ன விசயம். தாம்பாளத்தின் பின்புறத்தில் பெயர் வெட்டியிருக்கு, அதற்குப் பக்கத்தில் அரம் போட்டுத் தேய்த்தமாதிரி ஒரு இடம் சொரசொரவென்று இருக்கும், சின்னனில் விரலால் தடவிப் பார்ப்பேன் என்கிறார் கிருபன். வெர்னா எல்லாப் பொருளுக்கும் பின்புறத்தையும் காட்டுவாள். ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்புங்கள். பெயரை விளக்க அட்டையில் போடவேண்டும்.

அன்புடன்,
துர்க்கா


ஸ்காபரோ,
19.07.2024

அன்பு மச்சாள்,

சுகம். வெய்யில் கொளுத்துகிறது. பள்ளி விடுமுறை, பஸ் நிற்கிறது, நான் வீட்டில். பதில் பிந்திவிட்டது.

தாம்பாளம் தொலைந்துவிட்டது. ஒரு செத்தவீட்டு அந்தியேட்டிக்கு இரவல் கொடுத்தது, ஹோலிலேயே விட்டுவிட்டார்கள். போய்க் கேட்டேன், இல்லை. வேறு ஏதாவது வையுங்கள். அம்மாவின் செபமாலை இருக்கு.

கிருபனுக்கு அன்பு.

எமில்டா


தாலக்குவா,
03.08.2024

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் சுகம். நீங்கள் சுகம் இல்லை என்று நினைக்கிறேன். ஆறு வரியில் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியதே இல்லை.

நேற்று உங்கள் மகள் அட்சயா இன்ஸ்டகிராமில் படம் போட்டிருந்தாள். உங்கள் பல்கனி. தொலைந்த தாம்பாளத்தில் வத்தகப்பழம், முக்கோணம் முக்கோணமாக, நடுவில் ஒரு புதினா இலை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விரும்பியிருக்கிறார்கள். நானும் விரும்பினேன். பழம் நல்ல சிவப்பு.

கிருபனுக்குக் காட்டவில்லை. கண்காட்சிக்கு வரவேண்டும் என்றும் இல்லை, வெர்னாவிடம் இல்லையென்று சொல்லிவிடுவேன். ஆனால் பதினெட்டு வருடமாக நீங்கள் எனக்கு மச்சாள். கலியாணத்தன்று என் மாமியாரே முகம் கொடுக்காதபோது, என் சேலை மடிப்பைச் சரிபண்ணிவிட்டு, “கிழவி பல்செட்டைக் கழட்டினாப் பாவமா இருக்கும், பயப்பிடாதையும்” என்று காதுக்குள் சொன்னது நீங்கள்தான். எனக்குப் பொய் சொல்லுமளவுக்கு அந்தத் தட்டின் பின்புறத்தில் என்ன இருக்கு?

கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது.

அன்புடன்,
துர்க்கா


ஸ்காபரோ,
25.08.2024

என் அன்பு மச்சாள்,

முதலில் அட்சயாவின் கதையை முடிக்கிறேன். படத்தை எடுக்கச் சொன்னேன். “It's just a plate, அம்மா” என்றாள். இல்லை மகள் என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு வத்தகப்பழம் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன். உம்முடைய மச்சாள் இவ்வளவுதான்.

அது தாம்பாளம் இல்லை. சஹன். முஸ்லிம் ஆட்கள் விருந்தில் நாலைந்து பேர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற தட்டு. அது கைறுன்னிசா வீட்டுச் சஹன். எங்களுக்குப் பின்வீடு, நடுவில் ஒரு மதில். கைறுன் என்னோடு ரியூசனுக்கு வருவாள், என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி, என்னைவிட வாயும் பெரிசு, அதனால்தான் பிடித்தது. பெருநாளுக்கு அவளும், அவளுடைய உம்மாவும், ராத்தாவும், நானும் அதைச் சுற்றி இருப்போம். சஹனில் அவரவர் தன் பக்கத்தைத்தான் சாப்பிடவேண்டும். உம்மா தன் பக்கத்து இறைச்சியை எல்லாம் ஒரு விரலால் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பா. நான் காணாதமாதிரி விழுங்குவேன்.

தொண்ணூறாம் ஆண்டு. புலிகள் இயக்கம் ஒலிபெருக்கி கட்டி வந்து முஸ்லிம் ஆட்களை மைதானத்துக்குக் கூப்பிட்டது. இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகவேண்டும். கையில் கொஞ்சக் காசும் உடுப்பும். மற்றது எல்லாம் விட்டுவிட்டு. நாங்கள் யன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோம். மூன்று கிழமையால் அந்த வீட்டுச் சாமான்கள் ரவுணில் ஒரு கடைக்குள் விற்பனைக்கு வந்தன. நானும் போனேன், மச்சாள். இருபது வயது. சஹனைக் கண்டவுடனே தெரிந்தது. விளிம்பில் நெளிவு, கிணற்றடியில் நானும் கைறுனும் போட்டு நெளித்தது. தூக்கினேன், விலை கேட்டேன், வாங்கினேன்.

கைறுனுக்காகப் பத்திரப்படுத்தத்தான் வாங்கினேன் என்று முப்பத்துநாலு வருடமாக எனக்கே சொல்லி வருகிறேன். உமக்கு உண்மை எழுதுகிறேன். அன்று நினைத்தது இதுதான்: நல்ல கனமான தட்டு, மலிவு, நத்தாருக்குக் கேக் வெட்டி அயலுக்குக் கொடுக்கலாம். அந்த வருடம் கேக் போடச் சீனியே இல்லை. தட்டு மட்டும் இருந்தது.

பின்புறத்தில் அவளுடைய வாப்பாவின் பெயர், “மீ. சுல்தான்”. அம்மா பித்தளை வேலை செய்கிற கன்னாரிடம் கொடுத்து அதை அராவி எடுப்பித்து, பக்கத்தில் அப்பாவின் பெயரை வெட்டுவித்தா. கன்னார் சோம்பேறி. “மீ” இன்னும் தெரியும். உமக்குப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். அப்பாவின் பெயரைவிட அந்த மீ வடிவாக வருகிறது.

அவர்களை அனுப்பியது ஒக்டோபர் முப்பது. ஐந்து வருடம் கழித்து எங்களைக் கிளப்பியதும் ஒக்டோபர் முப்பது. அதே திகதி. அம்மாவின் பாலக் கதையில் அது ஒருநாளும் வந்ததில்லை. நானும் சேர்க்கவில்லை, மழையைத்தான் கூட்டினேன்.

வாத்து பதினேழை யார் சமைத்தது என்று கேட்டிருந்தீர். எனக்கு இரண்டு மாதம் பேனை ஓடவில்லை.

கிருபனுக்கு நீரே சொல்லும். எனக்கு ஏலாது. கைறுன் புத்தளத்தில் இருக்கிறாள். அது எப்படித் தெரியும் என்று கேட்டால், அதைவிட வெட்கம். அவளுடைய மகளின் பேஸ்புக்கை ஒன்பது வருடமாக ஒளித்திருந்து பார்க்கிறேன். ஒருமுறை விரல் பட்டு லைக் விழுந்துவிட்டது. போனைச் சோபாவுக்குள் எறிந்துவிட்டு வேலைக்குப் போனேன்.

என்னை வெறுக்காதையும்.

எமில்டா


தாலக்குவா,
14.09.2024

என் அன்பு மச்சாள்,

சுகம் கேட்காமலே தொடங்குகிறேன், மன்னியுங்கள். வெறுக்கவில்லை. கிருபனுக்குச் சொன்னேன். எழும்பிப் போய்க் குசினியில் கோப்பைகளைக் கழுவினார். பிறகு, “நானும் அந்தத் தட்டில கேக் சாப்பிட்டனான்” என்றார். அடுத்தநாள் இரண்டு முறை உங்களுக்கு போன் எடுத்துவிட்டு நீங்கள் எடுக்க முந்தி வைத்தாராம். அது அவர்தான்.

வெர்னாவுக்கும் சொன்னேன், உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்து. மச்சாள், இந்த அறையில் பெட்டி பெட்டியாகத் தாள்கள் இருக்கின்றன. எல்லாம் இழந்தவர்கள் எழுதியவை. எடுத்தவன் எழுதிய ஒரு துண்டு, ‘வாத்து என்னிடம் இருக்கு’ என்று ஒரே ஒரு துண்டு, நான் இன்றுவரை கண்டதில்லை. வெர்னாவும் முப்பது வருடத்தில் கண்டதில்லையாம். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்து உருகிப்போவாள் என்று நினைத்தேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்தப் பெண் உயிரோட இருக்கிறாளா?” ஓம் என்றேன். “அப்ப ஏன் இது எங்களுக்கு வந்திருக்கு? பிழையான விலாசம்.” திருப்பி என் கையில் தந்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள்.

திருப்பி அனுப்புகிறேன். உள்ளே இருக்கு.

எப்போதும் உங்கள்,
துர்க்கா


ஸ்காபரோ,
06.10.2024

கைறுன்,

நான் எமில்டா. கொட்டடி, பின்வீடு. நீ சுகமாக இருக்கவேண்டும். உம்மா, ராத்தா எல்லாரும் சுகமா என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இத்தோடு இருக்கும் கடிதம் என் தம்பி மனைவிக்கு நான் எழுதியது. உனக்கு எழுதியிருக்கவேண்டியது. பதினொரு முறை உனக்கென்று புதிதாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் நல்லவளாகிக்கொண்டு போனேன். அதனால் அதையே வைக்கிறேன்.

உங்கள் சஹன் என்னிடம் இருக்கு. சொல், எங்கே எப்படிக் கொண்டுவந்து தர?

எமில்டா


புத்தளம்,
17.11.2024

எமில்டாவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். சீனி வருத்தம் இருக்கிறது, வாய் குறையவில்லை. வாப்பா இங்கே வந்த ஐந்தாம் வருடம் முகாமிலே மௌத்தானார். உம்மா 2011இல். ராத்தாவும் நானும் ஒரே வளவில் இருக்கிறோம். நான் பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறேன்.

2019இல் என் மகளின் படத்துக்கு லைக் போட்டது நீ என்று அன்றே தெரியும். மகள் போனைக் கொண்டுவந்து, “உம்மா, இது ஆரு?” என்றாள். “ஒரு பயந்தாங்கொள்ளி. இருந்து பார், எழுதுவாள்” என்றேன். ஐந்து வருடம் இருந்து பார்த்தேன். உனக்கு எல்லாம் பிந்தித்தான் ஓடும், ரியூசனிலும் அப்படித்தான்.

மன்னிப்பைப்பற்றி நான் ஒன்றும் எழுதமாட்டேன். நீயும் கேட்காதே.

சஹனைத் தபாலில் போடாதே. கொண்டுவருவதென்றால் நீயே கொண்டுவா. வந்தால் சாப்பிடாமல் போகமுடியாது. இறைச்சியை உன் பக்கம் தள்ள இப்போது யாரும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சஹன் எனக்கு அவ்வளவு முக்கியம் இல்லை. நீ அந்தக் கடைக்குள் போய் நின்றவள். எங்கள் ஆட்களில் ஒருவரும் அதை உள்ளே போய்க் கண்டதில்லை. வேறு என்ன இருந்தது? யார் எதை வாங்கினார்கள்? கண்டதை எழுது. பகிடி விடாமல் எழுது.

மற்றது கறுப்பி. எங்கள் மறியாடு. பலாமரத்தில் கட்டியபடி விட்டுவந்தோம். இரண்டு மணித்தியாலத்தில் தாலிக்கொடி, காணி உறுதி, வாப்பாவின் மருந்து எல்லாம் ஞாபகம் வந்தது, ஆட்டை அவிழ்க்க ஞாபகம் வரவில்லை. வவுனியாவில் வைத்துத்தான் உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டா. மௌத்தாகும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தா, யாரும் அவிழ்த்திருப்பாங்களா என்று. உனக்குத் தெரிந்திருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம்தானே இருந்தாய்.

கைறுன்னிசா


ஸ்காபரோ,
08.12.2024

அன்புள்ள கைறுன்,

உன் சீனி வருத்தத்துக்கு மருந்து ஒழுங்காக எடு. என் மச்சாள் மருந்துக்கடைக்காரி, என்ன வேண்டுமென்றாலும் எழுது. வாப்பாவும் உம்மாவும் இல்லை என்று வாசித்துவிட்டுப் பஸ்ஸை எடுக்க முடியாமல் இருந்தேன். அன்றைக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்குப் பிந்திப் போனார்கள்.

கண்டதை எழுதுகிறேன். பகிடி இல்லை.

கடையின் முன்பக்கம் தையல்மெசின்கள், பதினைந்துக்குக் குறையாது. ஒன்றில் ஊசியோடு நீலத் துணி இருந்தது. உங்களுடையதா தெரியாது. சுவரோடு மடித்து நிறுத்திய கட்டில்கள். தொட்டில் மூன்று. ஒரு மூலையில் தலையணைகள், கூரைவரைக்கும். மணிக்கூடுகள் ஒரு மேசை நிறைய, இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் தரையில். பள்ளிச் சப்பாத்துகள், சோடி சோடியாகக் கட்டியது.

உன் வாப்பாவின் றலி சைக்கிள் நின்றது, பின் கரியரில் பச்சை றப்பர் சுற்றியபடி. அதை வாங்கியவர் ஜெயரட்ணம் அண்ணை. இங்கேதான் இருக்கிறார், எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். ஒவ்வொரு ஒக்டோபரும் மேடையில் ஏறி, நாங்கள் ஊரைவிட்டு நடந்ததைப் பற்றிப் பேசுவார். நல்லாய்ப் பேசுவார். அவருக்கு உன் கடிதத்தைக் காட்டினேன். “எமில்டா, பழசுகளைக் கிளறி ஆருக்கு என்ன நன்மை?” என்றார். “உங்கட பேரோட எழுதப்போறன் அண்ணை” என்றேன். அடுத்தநாள் சங்கத்தின் நத்தார் விருந்துக்கு எனக்கு வைத்திருந்த கதிரை இல்லை என்று போன் வந்தது. பாலேஸ்வரி அன்ரி கட்டில் வாங்கினா. அவவையும் கேட்டேன். அழுதா. ஓம், எழுது என்றா. மற்ற மூன்று பேரின் பெயரும் வாங்கினதும் தனித் தாளில் இருக்கின்றன. அந்தப் பக்கத்து முதலாவது பெயர் என்னுடையது.

ஜனவரி பதினெட்டாம் திகதி கொழும்பில் இறங்குகிறேன். கிருபனும் வருகிறானாம், ஓக்லஹோமாவிலிருந்து. நான் கூப்பிடவில்லை. சஹனை மடியில் வைத்துத்தான் கொண்டுவருவேன்.

கறுப்பி.

அவிழ்த்தேன், கைறுன். நான்தான் அவிழ்த்தேன். மூன்றாம் நாள் விடிய மதிலேறிக் குதித்து அவிழ்த்தேன். கயிறு மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கழுத்து அசையமுடியாமல் நின்றது. உயிர் இருந்தது.

முதல் இரண்டு நாளும் கத்தியது. எங்களுக்குக் கேட்டது. ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். உங்கள் வளவுக்குள் போக எல்லாருக்கும் பயம். கரண்ட் இல்லாத காலம், நாங்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்போம், உனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் சுற்றியது நான். சத்தத்தைக் கூட்டிவைத்துச் சுற்றினேன். கை வலித்து நிற்பாட்டினால் ஆடு கத்துவது கேட்கும். திரும்பவும் சுற்றுவேன். இதை எழுதாமல் மூன்றாம் நாளை மட்டும் எழுதி ஒரு தாள் முடித்துவைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன்.

எங்களோடு ஐந்து வருடம் இருந்தது. அதன் பாலில் நான் தேத்தண்ணி குடித்தேன். நாங்கள் வெளிக்கிட்ட அன்று அவிழ்த்துவிட்டு, படலையையும் திறந்துவிட்டுத்தான் போனேன். பிறகு என்ன ஆனதென்று தெரியாது.

எங்களிடம் வந்த அடுத்த தை மாதத்தில் கறுப்பி இரண்டு குட்டி போட்டது. ஒன்று கிடாய், ஒன்று பெட்டை. பெட்டைக்கு உன் பெயரை வைத்தேன். கோபிக்காதே. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல ஊரில் எல்லாருக்கும் பயமாக இருந்தது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பின்பக்கம் போய், கைறுன், கைறுன் என்று கூப்பிடுவேன்.

ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்கும்.

உன்,
எமில்டா